அடிநாதம் தெளிவாகக் கேட்க: நூலக மாடி இசைக்கூடத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் நூலக மாடியில் ஞாயிறுதோறும் மாலையில் நடைபெறும் இசை கேட்கும் அமர்வுக்கு வருகிறவர்கள் ஒரு குறையைத் தொடர்ந்து சொல்லி வருகிறீர்கள். பாட்டும் வயலினும் தெளிவாக இருக்கின்றன. மிருதங்கத்தின் தொப்பியும் (இடக்கையால் வாசிக்கும் பக்கம்) திரைப்பாடல்களின் பேஸ் கிதாரும் மட்டும், எந்த ஸ்வரத்தில் ஒலித்தாலும் ஒரே ‘கும்’ என்று குமுறி, அடுத்த அடி விழுந்த பிறகும் அடங்காமல் நீடிக்கின்றன. இன்னும் பெரிய ஸ்பீக்கர் வாங்கினால் சரியாகிவிடும் என்ற கருத்து உறுப்பினர்களிடையே பரவலாக உள்ளது. அதனால் குமுறல் கூடுமே தவிரக் குறையாது என்பது, கூடத்தை அளந்து பார்த்த இசைக்கூடச் சீரமைப்புக் குழுவின் உறுதியான முடிவு. சரியான போர்ட் கொண்ட புதிய பெட்டிகளைச் செய்யவும், அவற்றை வைக்கும் இடத்தையும் கூடத்தையும் சரிசெய்யவுமே இந்த நன்கொடையைக் கோருகிறோம்.

ஸ்பீக்கர் பெட்டியில் காணப்படும் வட்டத் துளையும் அதன் உள்ளே செல்லும் குழாயும் சேர்ந்ததே போர்ட். காலிப் பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரே சுருதியில் நாதம் எழுவதைப் போல, பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் குழாய்க் காற்றும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்ந்து, வூஃபரால் (தாழ்ந்த ஒலிகளைத் தரும் பெரிய கூம்பு ஸ்பீக்கர்) தனியே தர முடியாத அடிநாதத்தைத் தருகின்றன. பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1932-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970-களிலும் வெளியிட்ட கணக்குகளால், எந்த வூஃபருக்கு எத்தனை லிட்டர் பெட்டி, எவ்வளவு நீளக் குழாய் என்பதைத் தச்சர் பலகையை அறுக்கும் முன்பே கணித்துவிட முடிகிறது.

இப்போதுள்ள பெட்டிகளின் போர்ட் ஏறக்குறைய 50 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 50 அதிர்வுகளில், ஒத்ததிர்கிறது. அந்த ஒரே இடத்தில் ஒலி எடுப்பாக இருக்கும். அதற்குக் கீழே வூஃபருக்குக் காற்றின் பிடிமானம் போய், கூம்பு வீணே ஆடும். போதாததற்கு, போர்ட்டின் வாய் மிகக் குறுகல். குழாய்க்குள் காற்றின் வேகம் வினாடிக்குச் சுமார் 17 மீட்டரைத் தாண்டினால் ‘புஸ்’ என்ற இரைச்சல் கேட்கத் தொடங்கும் என்பது பெட்டி செய்கிறவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. புதிதாகத் திட்டமிட்டுள்ள 60 லிட்டர் பெட்டியை 32 ஹெர்ட்ஸுக்கு அமைக்க, 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் என்றால் 6 சென்டிமீட்டர் நீளமே போதும். 10 சென்டிமீட்டர் விட்டம் என்றால் 31 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். இரண்டும் ஒரே அதிர்வெண்ணைத்தான் தரும். ஆனால் அகன்ற குழாயில் காற்றின் வேகம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவே, பெட்டிக்குள் இடத்தை அடைத்துக்கொண்டாலும், நீண்ட அகலக் குழாயையே தேர்ந்திருக்கிறோம். அதன் இரு முனைகளும் உள்ளும் புறமும் வளைவாக இழைக்கப்படும். பின்சுவரால் வாய் அடைபடாதிருக்கப் போர்ட் பெட்டியின் முகப்பிலேயே அமையும்.

இனி, கூடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் கூடம் 36 அடி நீளமும் 24 அடி அகலமும் 12 அடி உயரமும் கொண்டது. மூன்று அளவுகளுமே பன்னிரண்டின் மடங்குகள். இதுவே சிக்கலின் வேர். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி மோதித் திரும்பும்போது சில அதிர்வெண்களில் அலை நிலைத்து நின்றுவிடுகிறது; இதுவே நிலையலை. முதல் நிலையலையின் அதிர்வெண்ணுக்கு இரண்டு, மூன்று மடங்கான இடங்களில் இரண்டாவதும் மூன்றாவதும் எழும். உயரத்தின் முதல் நிலையலை, அகலத்தின் இரண்டாவது, நீளத்தின் மூன்றாவது ஆகிய மூன்றும் நம் கூடத்தில் ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸ் என்ற ஒரே இடத்தில் வந்து குவிகின்றன. அதன் இருமடங்கிலும் அப்படியே. பேஸ் கிதாரின் தடித்த தந்தியில் இரண்டாம் கட்டை அழுத்தினால் பிறப்பது 46 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸில் எடுப்பாக ஒலிக்கும் பெட்டியை இப்படிப்பட்ட கூடத்தில், அதுவும் மூலையில் வைத்தால், எல்லா நிலையலைகளும் உச்சத்தில் தூண்டப்படுகின்றன.

வூஃபரைப் பின்சுவரிலிருந்தும் பக்கச் சுவரிலிருந்தும் ஆறு அடி தள்ளி வைத்தால், நீளத்துக்கும் அகலத்துக்கும் உரிய 47 ஹெர்ட்ஸ் நிலையலைகளின் அழுத்தம் சுழியாகும் புள்ளியில் அது நிற்கும், அவற்றைத் தூண்டாது. இதற்குக் காசு செலவில்லை. மேடையின் ஓரப் பகுதியை மட்டும் சற்றுக் குறைத்தால் போதும். உயரத்துக்குரிய அலையும், இருமடங்கு அதிர்வெண்ணில் உள்ளவையும் இதனால் தீராது என்பதால், நான்கு மூலைகளிலும் தரையிலிருந்து கூரை வரையிலும், சுவரும் கூரையும் சேரும் விளிம்புகளிலும், தடித்த ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் கல்நார்ப்பஞ்சு போன்ற கனிமப் பஞ்சு) அடுக்குகளைத் துணி போர்த்தி நிறுத்த உள்ளோம். முட்டை அட்டையோ மெல்லிய ஸ்பாஞ்சோ ஒட்டலாமே என்று சிலர் அன்போடு யோசனை தந்தார்கள். 47 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 24 அடி. அவற்றால் அதைத் தொடக்கூட முடியாது. அதிர்வெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் அந்த அதிர்வெண்ணைக் குறைப்பதும் ஓர் இருக்கைக்குப் பொருந்தி அடுத்த இருக்கைக்குப் பொருந்தாமல் போகும். பலர் சேர்ந்து அமர்ந்து கேட்கும் இடத்துக்கு அது தீர்வாகாது.

ஒரு கட்டை சுருதியில் பாடும் பாடகருக்குத் தம்புராவின் மந்தர ஷட்ஜம் (கீழ் ஸ்தாயி ‘ஸ’) சுமார் 65 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. பழைய கச்சேரிப் பதிவுகளில் அந்தத் தந்தியும் தொப்பியின் ஆழ்ந்த நாதமும் தனித்தனியே பதிவாகியிருந்தும் நம் கூடத்தில் அவற்றைப் பிரித்துக் கேட்க முடியவில்லை என்பது எங்களை உண்மையாகவே வருத்துகிறது. மிருதங்கம் பயிலும் பிள்ளைகளும் இந்த அமர்வுக்கு வருகிறார்கள். இடக்கை என்ன செய்கிறது என்பது அவர்கள் காதில் விழ வேண்டும்.

மொத்தச் செலவு 1,60,000 ரூபாய் என மதிப்பிட்டுள்ளோம். வூஃபர், உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டர், இரண்டுக்கும் ஒலியைப் பிரித்துத் தரும் கிராஸ்ஓவர் ஆகியவற்றுக்கே பெரும்பகுதி செலவாகும். எஞ்சியது 18 மி.மீ. ப்ளைவுட், தச்சுக் கூலி, ராக்வூல், அளவிடும் மைக் ஆகியவற்றுக்கு. வாசகர் வட்டத்தின் கையிருப்பு 45,000 ரூபாய் போக, 1,15,000 ரூபாய் திரட்ட வேண்டியுள்ளது. பணமாகத் தர இயலாதவர்கள் பலகையாகவோ, துணியாகவோ, ஒரு நாள் உழைப்பாகவோ தந்தாலும் நன்றியுடன் ஏற்போம். நன்கொடையை நூலக அலுவலகத்தில் பொருளாளரிடம் செலுத்தி, ரசீது பெற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். வேலைக்கு முன்னும் பின்னும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளால் எடுக்கப்படும் அளவீட்டு வரைபடங்கள், வரவு செலவுக் கணக்குடன் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். தொகை முழுமையாகச் சேராவிட்டால், முதலில் ராக்வூல் அடுக்குகளையும் இட மாற்றத்தையும் முடித்துவிட்டு, பெட்டிகளை அடுத்த கட்டத்துக்கு வைத்துக்கொள்வோம்.

இங்ஙனம்,
இசைக்கூடச் சீரமைப்புக் குழுவினர்