பேத்தியின் உயரத்தை அளந்து எழுது

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்,
தை மாதம்

அன்புள்ள தோழிக்கு,

ஆந்திரத்திலிருந்து உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பொங்கல் விடுமுறையில் பேத்தியையும் பேரனையும் அழைத்துக்கொண்டு திருப்போரூர்ப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் வொண்டர்லா பொழுதுபோக்குப் பூங்காவுக்கு நீ போய்வந்ததையும், 62 வயதில் அந்தத் தஞ்சோரா ரோலர் கோஸ்டரில் ஏறி இறங்கியதையும் படித்தபோது, பாதிக் கடிதத்திலேயே எழுந்து போய் என் மகளைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். விடுதி மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர் ஓரமாக வரவே அஞ்சி, துணி காயப்போடும் வேலையை எல்லாம் என் தலையில் கட்டியவள் நீ. தலைக்கு மேலே தண்டவாளம், காலுக்குக் கீழே ஒன்றுமில்லை என்கிற வண்டியில் ஏறியிருக்கிறாய் என்றால், எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

நீ தமிழ் படித்தவள், நான் இயற்பியல் படித்தவள் என்பதால் கேள்விகளை எனக்கென்று எடுத்துவைத்து அனுப்பியிருக்கிறாய். முதலில் அந்த "டக் டக்" ஓசை. ரோலர் கோஸ்டர் வண்டிக்குப் பெரும்பாலும் எஞ்சின் கிடையாது. முதல் ஏற்றத்தின் உச்சிவரை ஒரு சங்கிலி அதை இழுத்துச் செல்கிறது. அதற்குப் பிறகு இறங்குவதும் ஏறுவதும் சுழல்வதும் எல்லாம் அந்த உயரத்தில் சேர்த்துவைத்த ஆற்றலைச் செலவழிப்பதுதான். அதனால்தான் முதல் ஏற்றத்தைவிட உயரமான ஏற்றம் பின்னால் வருவதில்லை. இழுத்துச் செல்லும்போது சங்கிலி அறுந்துபோனால் வண்டி பின்னோக்கிச் சரிந்துவிடக் கூடாது என்பதற்காக, வண்டியின் அடியில் இரும்பு நாக்குகள் பொருத்தியிருப்பார்கள். அவை தண்டவாளத்து நடுவில் உள்ள பற்களின் மேல் ஒவ்வொன்றாக ஏறி விழுகிற ஓசைதான் நீ கேட்டது. சைக்கிள் மிதிப்பதை நிறுத்தியதும் பின்சக்கரத்தில் கேட்குமே, அதே ஏற்பாடு. அந்த ஓசையைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டதாக எழுதியிருக்கிறாய். அடுத்த முறை அதைக் கேட்டால் வண்டி உன்னைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்.

தலைகீழாகப் போகும் அந்தச் சுற்று ஏன் முழு வட்டமாக இல்லை என்று உன் பேரன் கேட்டானாம். ஒன்பது வயதுப் பையன் அதைக் கவனித்தானே என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி. 1895-இல் அமெரிக்காவின் கோனி தீவில் முழு வட்டமாகவே ஒன்றைக் கட்டினார்கள். வட்டத்துக்குள் நுழைகிற அந்தக் கணத்தில் உடல் எடை திடீரெனப் பல மடங்காகி, ஏறியவர்களுடைய கழுத்தை வலிக்கச் செய்தது, அது நீடிக்கவில்லை. 1976-இல் கலிபோர்னியாவின் மேஜிக் மவுண்டனில் வெர்னர் ஸ்டெங்கல் என்கிற ஜெர்மானியப் பொறியாளர் வடிவமைத்த சுற்றுதான் இந்தக் காலத்து எஃகுத் தண்டவாளச் சுற்றுகளுக்கெல்லாம் முன்னோடி. நீர்த்துளி ஒன்றைத் தலைகீழாகப் பிடித்தால் எப்படியிருக்கும், அந்த வடிவம்: வேகம் மிகுந்திருக்கும் அடிப்பக்கத்தில் வளைவு அகலமாகவும், வேகம் குறைந்திருக்கும் உச்சியில் குறுகலாகவும் இருப்பதால் பாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது, கழுத்து தாங்கிக்கொள்கிறது. இதை அவனுக்கு வாசித்துக் காட்டு. எந்த வரிசையில் உட்காரலாம் என்று கேட்டிருந்தாய்: முன்வரிசையில் காட்சி அதிகம், கடைசி வரிசையில் வயிற்றைப் பிசைவது அதிகம். முன்பெட்டிகள் உச்சியைத் தாண்டி வேகம் எடுத்த பிறகுதான் கடைசிப் பெட்டி உச்சியைக் கடக்கிறது. அது இறங்குவதில்லை, இழுத்து எறியப்படுகிறது. உனக்கு நடுவரிசையே போதும்.

இனி உன் வாதத்துக்கு வருகிறேன். உயரமும் வேகமும் இல்லாத பூங்காவுக்குப் போவது வீண் செலவு என்றும், சென்னைப் பூங்காக்களான கிஷ்கிந்தாவும் வி.ஜி.பி.யும் நம் பிள்ளைகளின் காலத்தோடு முடிந்தவை என்றும், நான் ஓயாமல் புகழும் எங்கள் மலம்புழை அணைப் பூங்கா "குழந்தைகள் போகிற இடம்" என்றும் எழுதியிருக்கிறாய். இதில் எனக்கு உடன்பாடில்லை; ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரிய ராட்டினங்களை நான் குறைத்துப் பேசவில்லை. 2000-இல் கொச்சிக்கு அருகில் பள்ளிக்கரை மலைமேல் வீகாலேண்ட் திறந்தபோது, எங்கள் பக்கத்துப் பள்ளிகளெல்லாம் சுற்றுலாவை அங்கே மாற்றிக்கொண்டன. வொண்டர்லா என்று பெயர் மாறி எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், எங்கள் பேருந்து ஓட்டுநர்கள் இன்றைக்கும் வீகாலேண்ட் என்றுதான் சொல்கிறார்கள். விடிவதற்கு முன் இங்கிருந்து புறப்பட்டு, குதிரான் ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, திருச்சூர் தாண்டிப் போய்ச் சேர்வோம். 2021-இல் குதிரானில் சுரங்கப்பாதை திறந்த பிறகு, அந்த இருட்டுக்குள் பேருந்து நுழையும்போது பிள்ளைகள் எழுப்புகிற கூச்சலே அன்றைய முதல் விளையாட்டாகிவிட்டது. அங்கே ஏறிய எதையும் நான் மறக்கவில்லை. பெங்களூருவில் மகன் வேலைபார்த்தபோது, பிடதிக்குப் பக்கத்தில் உள்ள வொண்டர்லாவில் அவன் ரீகாயில் என்கிற ரோலர் கோஸ்டரில் முன்னோக்கிப் போய் அதே தடத்தில் பின்னோக்கித் திரும்பி வந்ததையும் கீழே நின்று பார்த்திருக்கிறேன். இருக்கைகளைச் செங்குத்தாக விழவிடும் கோபுர ராட்டினங்களை நான் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். இத்தகைய கோபுரங்கள் பலவற்றில் இருக்கையை நிறுத்துவது வலிமையான காந்தங்களுக்கு நடுவே பாயும் உலோகத் தகடு. மின்சாரம் போனாலும் அந்தத் தடை வேலைசெய்யும். ஆய்வகத்தில் ஓர் அலுமினியக் குழாய்க்குள் காந்தத் துண்டைப் போட்டு, அது ஏதோ எண்ணெய்க்குள் இறங்குவதுபோல் மெதுவாக இறங்குவதைக் காட்டும்போது, "டீச்சர், வொண்டர்லா!" என்று கத்தாத வகுப்பே கிடையாது.

ஆனால் பூங்காவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் ராட்டினத்தில் ஏறுகிறவர்கள் அல்லர். உன் கடிதத்திலேயே உன் கணவரைப் பற்றி ஒரு வரி இருக்கிறது, நீ அதைத் தாண்டிப் போய்விட்டாய்: "அவருக்கு மூட்டு வலி, பைகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்." காலை பத்தரை மணியிலிருந்து மாலைவரை அவருடைய நாள் எப்படிப் போயிற்று? நான் ஒரு பூங்காவை மதிப்பிடுவது அங்கேதான். ஏறாதவருக்கு நிழல் இருக்கிறதா, நடந்து பார்க்க ஏதாவது இருக்கிறதா, அவருக்கென்று ஒரு சிறு மகிழ்ச்சியாவது உண்டா?

என் அம்மா கடலைப் பார்த்ததே இல்லை. சித்தூர்ப் புழையும் வாளையாறும்தான் அவருடைய தண்ணீர். 70 வயதில் அவரை மேட்டுப்பாளையத்தில் நீலகிரி அடிவாரத்திலுள்ள பிளாக் தண்டர் நீர் விளையாட்டுப் பூங்காவுக்கு அழைத்துப் போனோம். சறுக்குகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அலைக்குளத்தின் ஓரத்தில், தரை மெல்லச் சரிந்து தண்ணீருக்குள் போகிற இடத்தில், சேலைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நின்றார். சங்கு ஊதினார்கள். எதிர்ச் சுவருக்குப் பின்னால் உள்ள அறைகளில் காற்றை அழுத்தித் தண்ணீரைத் தள்ளுகிறார்கள் என்று நான் விளக்கத் தொடங்கினேன், அவர் கேட்கவில்லை. முதல் அலை கணுக்கால்வரை வந்து, விரல்களுக்கு இடையில் நுரையை விட்டுவிட்டுப் பின்வாங்கியது. அவர் குனிந்து அதை உள்ளங்கையில் அள்ளி, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, "உப்புக் கரிக்கவில்லையே" என்றார். அடுத்த முறை சங்கு ஊதும்வரை அங்கேயே காத்திருந்தார், அதற்கடுத்த முறையும். பிள்ளைகள் மேலேயிருந்து எத்தனை முறை சறுக்கினார்கள் என்பது எனக்கு நினைவில்லை.

இன்னொரு இடத்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது. பெயரைச் சொல்ல வேண்டாம். என் பேரனுக்கு அப்போது ஏழு வயது. ஒரு ராட்டினத்துக்கு வெயிலில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, படியேறி, இருக்கையைத் தொடும் தூரத்துக்குப் போன பிறகுதான் உயரம் அளக்கும் கம்பு இருந்தது. கோட்டுக்கு இரண்டு விரற்கடை குறைவு. அவன் குதிகாலை உயர்த்திப் பார்த்தான். ஊழியர் தோளை அழுத்தி நேராக நிற்கச் சொன்னார். அந்த விதி சரியானது. தோளின்மேல் இறங்கிப் பூட்டும் கம்பி குறிப்பிட்ட உடல் அளவுக்கென்று செய்யப்பட்டது, சிறிய உடல் அதனடியில் நழுவிவிடும், ஆகவே அந்த ஊழியரிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் கம்பை வரிசையின் தொடக்கத்தில் நட்டுவைக்க ஒரு குழியும் கைப்பிடிச் சிமெண்டும் போதாதா? வந்த வழியே, நிற்கிறவர்களை எல்லாம் விலக்கிக்கொண்டு, அழுகிற பிள்ளையை இறக்கிக் கூட்டிவந்தேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

இப்போது மலம்புழை. நாம் கல்லூரியிலிருந்து போன அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் செய்த, ஆடையில்லாத பெண்ணுருவான யட்சி சிலையை நாம் நின்று பார்த்துவிடக் கூடாது என்று வார்டன் நம்மை ஓட்டமும் நடையுமாகத் தள்ளிக்கொண்டு போனார். இப்போது நான் அந்தச் சிலையின் முன்னால் வேண்டிய மட்டும் நிற்கிறேன். கால்களை விரித்து, தலையை மலைகளை நோக்கி நிமிர்த்தி அமர்ந்திருக்கும் அவளுக்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை நீலமாக நிற்கும்போது, அதைவிட அச்சமும் மதிப்பும் ஒருசேர எழுப்புகிற எதையும் எந்தப் பூங்காவிலும் நான் கண்டதில்லை. உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தது 1955 ஜூலை 17. மலம்புழை அணையைக் காமராஜர் திறந்துவைத்தது அதே ஆண்டு அக்டோபர் 9. அன்றைக்குப் பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது; அடுத்த ஆண்டு நவம்பரில்தான் கேரளம் பிறந்தது. உழவுக்கென்று கட்டிய அணையின் அடியில் ஊரே வந்து மாலையைக் கழிக்கிற ஒரு தோட்டம் வளர்ந்ததை நான் சாதாரணமாக நினைப்பதில்லை.

அணைக்குப் பக்கத்திலேயே ஃபேன்டஸி பார்க் இருக்கிறது. சிறியதுதான், இடித்து விளையாடும் கார்களும் தண்ணீர் விளையாட்டும் குழந்தைகளுக்குப் போதும், உன் பேரனுக்கு இரண்டு மணி நேரத்தில் அலுத்துவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலுத்த பிறகு வெளியே வந்தால் தொங்குபாலம் இருக்கிறது, பாம்புப் பண்ணை இருக்கிறது, சண்டிகரில் பாறைத் தோட்டம் கண்ட நேக் சந்த் உடைந்த வளையல்களையும் ஓடுகளையும் கொண்டு இங்கேயும் அமைத்த தோட்டம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக ரோப்வே இருக்கிறது. என் அம்மா அதில் ஒரு முறை போனார். இரண்டு பேர் உட்காரும் இருக்கை, காலடியில் வெறும் காற்று. உன் தஞ்சோராவில் கால் தொங்குவதும் இதில் கால் தொங்குவதும் ஒன்றுதான், வேகம் மட்டும் வேறு. புறப்பட்டதும் அம்மா செருப்பு இரண்டையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார், கீழே நடப்பவர் தலையில் விழுந்துவிடுமாம். பாதிவழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்து இருக்கையை லேசாக ஆட்டியது. அவர் என் கையைப் பிடிக்கவில்லை. செருப்பைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கீழே பூப்பாத்திகளும் வாய்க்காலும் மெதுவாக நகர, "பருந்துக்கு நம் ஊர் இப்படித்தான் தெரியுமா?" என்று கேட்டார். இறங்கிய பிறகு யாரிடமும் பேசாமல் அரை மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

ஆகவே தசரா விடுமுறைக்கு இங்கே வா. உங்கள் ஆந்திரப் பள்ளிகளில் அப்போது நீண்ட விடுமுறை. மழை ஓய்ந்து அணையும் நிறைந்திருக்கும். காட்பாடியிலிருந்து இரவு ரயில் ஏறினால் காலையில் பாலக்காடு. நான் நிலையத்துக்கு வந்துவிடுகிறேன். முதல் நாள் மலம்புழை, உன் கணவருக்காக. அவரைப் பைகளோடு உட்காரவைக்க மாட்டேன், ரோப்வேயில் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். மறுநாள் பிள்ளைகளுக்காகக் கொச்சி. அங்கே நீ எதில் வேண்டுமானாலும் ஏறு, நானும் கூட ஏறுகிறேன்.

ஒன்று மட்டும் மறக்காதே. புறப்படுவதற்கு முன்பு பேத்தியைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிறுத்தி, தலையில் அளவுகோலைப் படுக்கவைத்துப் பென்சிலால் கோடு போட்டு, உயரத்தை அளந்து எனக்கு எழுது. எதெதில் அவள் ஏறலாம் என்று இங்கிருந்தே கேட்டு, பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழி