டைட்டானியமும் அரிக்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

டைட்டானியம் அரிக்கவே அரிக்காது என்று அடிக்கடி படிக்கிறோம். அது பாதி உண்மைதான். அந்த உலோகத்தைக் காப்பது, அதன்மேல் தானாகவே படரும் சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலம். கீறல் விழுந்தாலும் காற்றோ நீரோ பட்டதும் மறுபடி உருவாகிவிடும். ஆனால் ஃபுளோரைடு கலந்த அமிலத்தில் அது கரைந்துபோகும். செயற்கை இடுப்பு மூட்டில் பாகங்கள் பொருந்தும் இடத்திலோ, ஓயாத நுண்ணிய உரசல் அந்தப் படலத்தைத் திரும்பத் திரும்பக் கிழிக்கிறது. அங்கே பரவலாகப் பயன்படும் டைட்டானிய உலோகக்கலவையில் சுமார் 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் உண்டு. அரிப்பில் கசியும் அயனிகள், அதாவது மின்னேற்றமுள்ள உலோக அணுக்கள், போய்ச் சேருவது மனித உடலுக்குள். இதைச் சின்ன விஷயமாக நினைக்க என்னால் முடியவில்லை.

பிளாஸ்மா நைட்ரைடிங் இதற்கு ஒரு நல்ல வழி. காற்றழுத்தம் குறைந்த கலனில் நைட்ரஜனை மின்சாரத்தால் பிளாஸ்மாவாக்கி (மின்னேற்றமுள்ள வாயுவாக்கி), சூடான உலோகப் பரப்புக்குள் ஊடுருவ விடுகிறார்கள். பொன்னிறமான, கடினமான டைட்டானியம் நைட்ரைடு அடுக்கு உருவாகிறது. அதற்கு அடியிலும் நைட்ரஜன் கரைந்திருப்பதால், மேலே பூசிய பூச்சைப் போல இது எளிதில் உரிந்து வராது.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. வெப்பம் மிகுந்தால் உலோகத்தின் உள்ளிருக்கும் நுண்ணிய படிகமணிகள் பெரிதாகி, திரும்பத் திரும்ப வரும் சுமையைத் தாங்கும் வலிமை குறையும். அதனால் இத்தகைய பாகங்களைப் பற்றி எழுதும்போது, அரிப்புச் சோதனையோடு எந்த வெப்பநிலையில் பதப்படுத்தினார்கள், சுமைச் சோதனையில் என்ன ஆயிற்று என்பதையும் கேட்டு வெளியிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்