இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோர்களுக்குச் சில வார்த்தைகள்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைந்தது. விளையாட்டிலும் அறிவியல் கண்காட்சியிலும் நம் பிள்ளைகள் பரிசுகள் வென்றார்கள். ஆண்டுவிழாவும் சிறப்பாக நடந்தது. அனைவருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், உங்களோடு பேசியே ஆகவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பருவத்தில் ஒரே மாதிரியான புகார்கள் திரும்பத் திரும்ப வந்தன. தோழி நம்பிச் சொன்ன வீட்டு விஷயம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஸ்கிரீன்ஷாட்டாக வந்துவிடுகிறது. நேற்றுவரை கூடவே திரிந்த நண்பனை நாலு பேர் கேலி செய்தால், இவனும் சேர்ந்து சிரிக்கிறான். ஏன் என்று கேட்டால், "இல்லன்னா என்னையும் சேர்த்துக்க மாட்டாங்க" என்கிறார்கள்.

இவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை, தனித்து விடப்படுவோமோ என்று பயந்த பிள்ளைகள். பெரியவர்களுக்கே இது எளிதில்லை. 1951-இல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர், ஒரு கோட்டைக் காட்டி, அதற்கு நீளத்தில் சமமான கோடு எது என்று கல்லூரி மாணவர்களிடம் கேட்டார். உடனிருந்தவர்கள் பேசிவைத்துக்கொண்டு தவறான விடையைச் சொன்னார்கள். சரியான விடை கண்ணெதிரே இருந்தும், சோதிக்கப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒருமுறையாவது அவர்களோடு ஒத்துப்போனார்கள். ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னபோது, அப்படி ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது. கேலி நடக்கும்போது "போதும், விடு" என்று சொல்லும் ஒரு பிள்ளையை நான் இவ்வளவு மதிப்பது அதனால்தான்.

காட்டிக் கொடுக்கப்பட்ட பிள்ளையையும் நினைத்துப் பாருங்கள். யாரோ கேலி செய்தால் நண்பனிடம் சொல்லி அழலாம். அந்த நண்பனே செய்தால் யாரிடம் போவது? அப்படிப்பட்ட பிள்ளைகள் வீட்டிலும் பேச்சைக் குறைத்துவிடுகிறார்கள்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். அந்த ஸ்கிரீன்ஷாட்டைச் சில பெற்றோர்களும் பகிர்ந்து, "யார் வீட்டுப் பிள்ளை?" என்று விசாரித்திருக்கிறார்கள். இது கூடவே கூடாது. எந்தப் பிள்ளையின் பெயரையும் பள்ளி வெளியிடாது. இனி ஒருவருடைய அந்தரங்கத்தைப் பரப்பினால் பெற்றோரை நேரில் அழைப்போம். 'சும்மா விளையாட்டுக்கு' என்ற விளக்கத்தை ஏற்கமாட்டோம்.

உங்கள் பிள்ளை தவறு செய்தது தெரிந்தால் அடிக்கவும் வேண்டாம், பரிந்துகொண்டு வரவும் வேண்டாம். நடந்ததை முழுதாகக் கேளுங்கள். நேரில், தனியாக மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். குரூப்பில் எழுதுவது மன்னிப்பு ஆகாது. கேட்டவுடனே பழையபடி பழக வேண்டும் என்று அந்தப் பிள்ளையை யாரும் வற்புறுத்தக் கூடாது. பழகுவதா வேண்டாமா என்பது அந்தப் பிள்ளையின் முடிவு.

தங்கள் பிள்ளையின் தவறைத் தாங்களே வந்து சொன்ன பெற்றோர்கள் இருக்கிறார்கள். அதற்கு எவ்வளவு மனத்துணிவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கும், பொறுமையோடு எங்களை நம்பிய குடும்பங்களுக்கும் மனமார்ந்த நன்றி. இதுபற்றிப் பேச விரும்பினால் வகுப்பாசிரியரையோ என்னையோ எப்போது வேண்டுமானாலும் அணுகலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்