திங்கள் வேண்டாம், ஞாயிறே அஜந்தாவுக்குப் போ

அன்புள்ள கயல்,

ஞாயிறு எல்லோரா, திங்கள் லீவு போட்டு அஜந்தா என்று எழுதியிருக்கிறாய். அதை அப்படியே திருப்பிப் போடு. அஜந்தாவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, எல்லோராவுக்குச் செவ்வாய். இது தெரியாமல் ஔரங்காபாத்திலிருந்து (இப்போது சத்ரபதி சம்பாஜிநகர்) 100 கிலோமீட்டர் போய், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு.

காலை ஆறு மணிக்குள் ஜல்காவ் பஸ்ஸைப் பிடி. ‘அஜந்தா’ என்று மட்டும் சொன்னால் கண்டக்டர் அஜந்தா ஊரிலேயே இறக்கிவிடலாம். குகைகள் அங்கே இல்லை. ‘அஜந்தா லேணி’ என்று கேள், மராத்தியில் குகைக்கு அதுதான் பேச்சு. மலைப்பாதை இறங்கியதும், ஃபர்தாப்பூருக்கு முன்னால் வரும் டி-ஜங்ஷனில் இறங்க வேண்டும். அங்கிருந்து குகைகள் வரை 4 கிலோமீட்டருக்கு அதற்கென்று விடும் பஸ்தான், வெளி வண்டிகளுக்கு அனுமதியில்லை. டிக்கெட் வாங்கியதும் செங்குத்தாகப் படி ஏறும். அது ஒன்றுதான் மூச்சு வாங்கும், பிறகு மலையை ஒட்டி நடைபாதை.

ஏறி முடித்ததும் எல்லோரும் ஒன்றாம் குகைக்குள் நுழைவார்கள். நீ நுழையாதே. எண்கள் வரிசைக்காகப் போட்டவை, காலத்துக்காக அல்ல. நேரே பத்தாம் குகைக்குப் போ. கி.மு. 2-ஆம் நூற்றாண்டு, இருப்பதிலேயே பழையது. கருவறையில் புத்தர் சிலை கிடையாது, வெறும் தூபி மட்டும். புத்தரை உருவமாக வைத்து வணங்காத காலம் அது. தூண்களில் தெரியும் புத்தர்கள் பல நூற்றாண்டு கழித்துத் தீட்டியவை. 1819-இல் ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேய அதிகாரி வேட்டைக்கு வந்து இந்தக் குகையைக் கண்டு, ஒரு தூணில் பெயரைக் கீறி வைத்தார். அன்று உள்ளே மண்ணும் கல்லும் மேடிட்டிருந்ததால், அந்த எழுத்து இன்று நம் தலைக்கு மேலே இருக்கிறது.

அடுத்து 24. முடிக்காமல் விட்ட குகை என்று பலரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டு போயிருப்பது அங்கேதான் கண்ணுக்குத் தெரியும். கூரையை முதலில் முடித்துவிட்டால் சாரம் கட்டும் வேலையே இல்லை. தூணுக்கான பாறையை விட்டுவிட்டுச் சுற்றிலும் சந்து சந்தாகக் குடைந்திருக்கிறார்கள். ஒரு உளியடி தப்பினால் ஒட்டவைக்க முடியாத வேலை. இதைப் பார்த்த கண்ணோடு 26-க்குப் போனால், இடப்பக்கச் சுவரில் ஏழு மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் பரிநிர்வாண புத்தர், அதாவது உயிர் பிரியும் நிலையில் இருக்கும் புத்தர், வேறு மாதிரி தெரிவார்.

திரும்பி வரும்போது 17, 16, 2, கடைசியாக 1. 17-இல் ஜாதகக் கதைகள், அதாவது புத்தரின் முற்பிறவிக் கதைகள், நிறைய. உள்ளே போனதும் எதுவும் தெரியாது. ஐந்து நிமிடம் பேசாமல் நில், கண் பழகட்டும். பிறகு ஓவியம் உதிர்ந்த ஓரம் ஒன்றைத் தேடிப் பார். கொத்தி விட்ட பாறை, அதன் மேல் உமியும் நார்களும் குழைத்த மண், அதன் மேல் மெல்லிய சுண்ணாம்பு. அது காய்ந்த பிறகே பசை கலந்து நிறம் தீட்டியிருக்கிறார்கள். காவி, மஞ்சள் காவி, பச்சை மண், விளக்குக் கரி எல்லாம் சுலபமாகக் கிடைப்பவை. நீலம் மட்டும் ஆப்கானிஸ்தானத்து நீலக் கல்லான லாபிஸ் லாசுலி.

ஈரச் சுவரில் ஊறிய நிறம் இல்லை என்பதால்தான் இத்தனை கட்டுப்பாடு. விரல் பட்டால் வரும், கூட்டத்தின் மூச்சு ஈரம் பட்டால் மண் தளரும். ஃபிளாஷ் போடவே போடாதே. சில இடங்களில் மஞ்சள் ஏறி மங்கலாக இருப்பது பழமையால் அல்ல. 1920-களில் ஹைதராபாத் நிஜாம் அரசு இத்தாலியிலிருந்து வல்லுநர்களை வரவழைத்தது. அவர்கள் காப்பதற்காகப் பூசிய அரக்கு வார்னிஷ் நாளடைவில் பழுத்துவிட்டது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான், ஆனாலும் மனசு வலிக்கிறது.

ஒன்றாம் குகையில் கருவறைக்கு இடப்பக்கம் பத்மபாணி என்ற போதிசத்துவரின் (புத்தராகும் வழியில் இருப்பவர்) ஓவியம், கையில் நீலத் தாமரை. அவருக்கு முன்னால் அவசரப்படாதே. கருவறைக்குள் இருக்கும் புத்தர் சிலையின் முகத்தில் ஊழியர் பக்கவாட்டில் விளக்குக் காட்டினால், பக்கத்துக்குப் பக்கம் முகபாவம் மாறித் தெரியும். கேட்டுப் பார்.

தண்ணீர் இரண்டு பாட்டில், ஒரு சின்ன பைனாகுலர் (கூரை ஓவியத்துக்கு) எடுத்துக்கொள். பல குகைகளில் செருப்பைக் கழற்ற வேண்டும், லேஸ் வைத்த ஷூ வேண்டாம். மதியம் பாறை சுடும். பருத்திக் காலுறை இரண்டு ஜோடி கூரியரில் அனுப்பியிருக்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும்.

அன்புடன்,
அம்மா