பாப்பாவுக்கு, அந்த எட்டு வாரம் பற்றி

வால்பாறை,
செவ்வாய் இரவு

அன்புள்ள பாப்பா,

இரண்டில் எதற்குப் போவது என்று ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. டவர் போய்விட்டது என்று அம்மா சொன்னாளே, அது பாதி உண்மை. உடனே என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை என்பது மீதிப் பாதி. ஒரு பக்கம் கம்பெனியில் இன்டர்ன்ஷிப்: கைநிறையப் பணம், முடிந்ததும் அங்கேயே வேலை கிடைத்தாலும் கிடைக்கும். இன்னொரு பக்கம் காட்டு விலங்குகளைக் காக்கக் கருவி செய்யும் கோடைக்கால ஃபெல்லோஷிப்: ஏப்ரல், மே என்று எட்டு வாரம். கொடுக்கிற தொகை சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் சரியாகப் போய்விடும். இரண்டு நாள் யோசித்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஃபெல்லோஷிப்புக்குப் போ. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேள். ஜூன் மாதம் என்ன செய்வீர்கள் என்று கேள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், தேயிலைத் தோட்டத்தில் நம் டிவிஷனில் பஸ் நிற்கும் மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பம் நிற்கிறதே, அம்மா போர்வை காயப்போடுவாளே, அதன் கதை உனக்கு முழுதாகத் தெரியாது. அப்போது நீ ஹாஸ்டலில் இருந்தாய். ஒரு கல்லூரியிலிருந்து ஐந்து பிள்ளைகள் கோடை விடுமுறையில் வந்தார்கள். தங்கமான பிள்ளைகள். தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டிலேயே தங்கி, நம் வீட்டு ரசத்தைக் குடித்து, யானை வந்தால் எச்சரிக்கக் கம்பத்தின் மேல் ஒரு பெட்டியைப் பொருத்தினார்கள். பெரிய உருவம் ஏதாவது குறுக்கே போனால் சைரன் அடிக்கும், போனுக்குத் தகவலும் வரும். சோலார் பலகை, பேட்டரி எல்லாம் உண்டு. வைத்த மறுநாளே சைரன் அடித்தது. எல்லோரும் வெளியே ஓடி வந்தோம். காட்டெருமை. அதற்கு மறுநாள் கடமான். அப்புறம் மறுபடி காட்டெருமை. மூன்றாவது வாரத்தில் சைரன் அடித்தால் யாரும் தலையைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை.

அதையாவது சரிசெய்திருக்கலாம். மே கடைசியில் அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். ஜூன் முதல் வாரம் மழை பிடித்தது. நம் ஊர் மழை உனக்குத் தெரியாததா? பத்து நாள் வெயில் முகமே இல்லை, பேட்டரி செத்துவிட்டது. ஜூலையில் குரங்கு ஒயரைப் பிடுங்கிக்கொண்டு போனது. அந்தப் பையன் கொடுத்துவிட்டுப் போன எண்ணுக்குப் பேசினேன். ஹைதராபாத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன் அங்கிள் என்று வருத்தப்பட்டான். அவனை என்ன சொல்ல முடியும்? அவனுக்குக் கொடுத்தது கோடை மட்டும்தான்.

அந்தப் பெட்டியால் நல்லது நடக்கவில்லை என்பது இருக்கட்டும். கெட்டது நடந்திருக்கும், அதுதான் என் பயம். பெட்டி இல்லாத பாதையில் ஆள் காதைத் தீட்டிக்கொண்டு நடப்பான். பெட்டி இருந்து, அது சும்மா இருக்கும் பாதையில் அசட்டையாக நடப்பான். செத்த பெட்டியும், யானை இல்லாததால் சும்மா இருக்கும் பெட்டியும் பார்வைக்கு ஒன்றுதானே. கடைசியில் நானும் உன் மாமாவும் ஏணி வைத்து ஏறி அதைக் கழற்றிவிட்டோம். இதை உங்கள் படிப்பில் எப்படிச் சொல்வீர்களோ, எனக்குத் தெரியாது. நீ எது செய்தாலும் அது செத்துப்போனால் செத்துவிட்டேன் என்று சொல்லும்படி செய்.

இப்போது சிவப்பு விளக்கைப் பற்றிச் சொல்கிறேன். அது எரிவதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள் நீ, ஆனால் அதையும் ஒரு கருவியாக நீ நினைத்திருக்க மாட்டாய். இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் ஆனந்தகுமாரும் அவர் கூட்டாளிகளும் இங்கே பல வருஷம் யானைக் கூட்டங்களின் பின்னாலேயே நடந்தார்கள். யானையிடம் சிக்கிச் செத்தவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். பெரும்பாலோர் யானை அங்கே நிற்பது தெரியாமல் போய் மாட்டியவர்கள். கடைசி பஸ்ஸில் வந்து இறங்கி, இருட்டில் லைன் வீட்டுக்கு நடந்தவர்கள். ஆக வேண்டியது யானையை விரட்டும் கருவி இல்லை, தகவல். இதைக் கண்டுபிடிக்கத்தான் வருஷக்கணக்கில் ஆனது. அதன் பிறகு செய்த கருவி எல்லாமே எளிமை. சாயங்காலம் கேபிள் டிவியில் அடியில் ஓடும் வரி, போனில் தமிழில் குறுஞ்செய்தி, பிறகு மேட்டில் நிற்கும் சிவப்பு விளக்கு. விளக்குக்குள் ஒரு சிம் கார்டு. பதிவு செய்த எண்ணிலிருந்து அழைத்தால் எரியும், அவ்வளவுதான். எந்த யானையையும் அது தானாக அடையாளம் காணாது. நம் ஆட்கள் கண்ணால் பார்த்துச் சொன்னதைத் தூரத்துக்குக் காட்டும்.

என் எண்ணும் அதில் பதிவாகியிருந்தது. நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, அப்பா போன் போட்டு விளக்கு எரிய வைக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் பெருமை பேசினாயாம், டீச்சர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். ஒருநாள் பொள்ளாச்சியிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவையும் ஏறி நானே கடைசி பஸ்ஸில் வந்தேன். மேட்டில் விளக்கு மின்னியது. இறங்காமல் அடுத்த நிறுத்தம்வரை போய், டீக்கடைத் திண்ணையில் படுத்துக்கொண்டேன். காலையில் வந்து பார்த்தால் ரேஷன் கடைக் கதவு பெயர்ந்து கிடந்தது, அரிசி மூட்டை இரண்டு காலி. யார் அன்று அழைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. 2015இல் ஆனந்தகுமாருக்கு இங்கிலாந்தில் காட்டுயிர்களைக் காப்பவர்களுக்கான விட்லி விருது கொடுத்தபோது, அதில் அந்த ஆளுக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்காக எளிய கருவிதான் நல்லது, பெரிய கருவி வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. ரயிலுக்கு முன்னால் கண்ணால் பார்த்துச் சொல்லும் வேலையெல்லாம் செல்லாது. மதுக்கரைப் பக்கம் நவக்கரையில் 2021 நவம்பரில் ஒரே இரவில் மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டன. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நீ இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பாதையில் 2024 பிப்ரவரியிலிருந்து 12 கோபுரங்களில் உடல் சூட்டைக் கண்டறியும் தெர்மல் கேமரா வைத்து, செயற்கை நுண்ணறிவால் யானையைக் கண்டு சொல்கிறார்கள். தகவல் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து, அங்கிருந்து ரயில்வேக்குப் போகிறது. சூடேறிய பாறையையும் யானை முதுகையும் அது எப்படிப் பிரித்தறிகிறது என்று போன தீபாவளிக்கு நீ விளக்கினாயே, முக்கால்வாசி புரிந்தது. அங்கேயும் பார், கட்டுப்பாட்டு அறையில் இரவு முழுக்க ஆள் உட்கார்ந்திருக்கிறார். கேமராவுக்கு மட்டுமில்லை, அந்த ஆளுக்கும் வருஷாவருஷம் சம்பளம் போக வேண்டும்.

நீ சேரப்போகும் குழுவுக்குக் கொடுத்த வேலை கேமரா டிராப், அதாவது விலங்கு குறுக்கே போனால் தானாகப் படம் எடுக்கும் கேமராவின் படங்களைப் பிரிப்பது என்றாய். அதில் வேலைக்குப் பஞ்சமில்லை. 2018 புலிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். விழுந்த படங்கள் 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேல், அதில் புலி இருந்தது 76,651 படத்தில். கின்னஸில்கூடப் போட்டார்கள். இத்தனை கோடிப் படத்தை மனுஷர் உட்கார்ந்து பார்த்தால் ஆயுள் போதாது, மெஷின்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஓரிடத்துப் படத்தைப் பார்த்துப் பழகிய மெஷின் இன்னோரிடத்துக்குப் போனால் தடுமாறும் என்று நீயே சொன்னாய். சமவெளியில் வேலைக்குப் பழகிய கண்காணி மலைக்கு வந்தால் முதல் மாதம் எப்படித் திணறுவாரோ அப்படித்தான். அதனால் பழக்குவதற்கு எடுக்கும் படங்களில் மழைப் படங்களும் இருக்கின்றனவா என்று பார். மூடுபனியில் கரடியும் கட்டையும் எனக்கே ஒரே மாதிரி தெரியும்.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இது கொஞ்சம் சங்கடமான விஷயம், போனில் பேச வரவில்லை. அந்தக் கேமரா புலியை மட்டும் பிடிப்பதில்லை. வடக்கே உத்தராகண்டில் கார்பெட் புலிகள் காப்பகத்துப் பக்கம் விறகுக்கும் புல்லுக்கும் காட்டுக்குப் போகும் பெண்களைப் பற்றி 2024இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வந்தது, செய்தித்தாளில் படித்தேன். காட்டுக்குள் ஒதுங்கிய பெண்ணைக் கேமரா படம் பிடித்து, அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது. அப்புறம் பெண்கள் கேமரா இருக்கும் இடங்களில் பாடுவதையும் சத்தமாகப் பேசுவதையும் குறைத்துக்கொண்டார்களாம். அவர்கள் பாடுவதே விலங்கு ஒதுங்கிப் போகட்டும் என்றுதான். விலங்கைக் காக்க வைத்த கேமரா, விலங்கிடம் மனுஷி மாட்டிக்கொள்ள வழி செய்தது. உங்கள் அத்தை இருபது வருஷம் விறகுக்குப் போனவள். அவள் படம் ஏதாவது ஒரு கம்ப்யூட்டரில் கிடக்கிறதா என்று நமக்குத் தெரியாது. ஆள் விழுந்த படத்தை முதல் வேலையாக அழித்துவிடும் நிரல் ஒன்றை நீ எழுது. அதை யாரும் உன்னிடம் கேட்க மாட்டார்கள். கேட்காவிட்டாலும் எழுது.

விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்டாய். போன மாதம் அமெரிக்காவில் ஒன்றுக்கு ராத்திரி பகலாக எழுதி, கடைசிப் பக்கத்தில் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கும் மட்டும் என்று பார்த்து அழுதாய். அங்கே அரசாங்கப் பணத்தில் நடக்கும் கோடை ஆய்வுப் பயிற்சிகளில் பலவற்றுக்கு அப்படித்தான் விதி, உன் தகுதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இனிமேல் கடைசிப் பக்கத்தை முதலில் படி. தங்கும் செலவு தொகைக்குள் அடங்குமா, தனியா என்றும் எழுத்தில் கேட்டு வாங்கு.

"ஏன் இந்தத் துறை" என்ற கேள்விக்கு நீ எழுதியதை அனுப்பினாய். சின்ன வயதிலிருந்தே இயற்கையின் மேல் காதல் என்று தொடங்குகிறது. பாப்பா, நீ சின்ன வயதில் யானை என்றால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவள். காதல் எங்கிருந்து வந்தது? அந்த ஒளிந்ததை எழுது. ரேஷன் கடைக் கதவை எழுது. அப்பாவும் மாமாவும் ஏணி வைத்துப் பெட்டியைக் கழற்றியதை எழுது. சிபாரிசுக் கடிதத்தை உன் துறைத் தலைவரைவிட, ப்ராஜெக்டில் உன்னோடு இரவு விழித்த அந்த லேப் அம்மாவிடம் வாங்கு. அவருக்குத்தான் நீ சால்டரிங் செய்து விரலைச் சுட்டுக்கொண்டதும் தெரியும்.

மாணவர்கள் எட்டு வாரத்தில் என்ன சாதித்துவிட முடியும் என்று உன் பெரியப்பா கேட்டார். ஆடியோமாத் என்று தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறதே, அதைச் செய்த குழுவில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஆராய்ச்சி மாணவர்கள் இருந்தார்கள் என்று நீ சொன்னதை அவரிடம் அப்படியே ஒப்பித்தேன். அதன் வடிவமைப்பை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்தே வைத்தார்கள் என்பதையும் சொன்னேன். பெரியப்பா வாயை மூடவில்லை, அது வேறு விஷயம். ஆனால் திறந்து வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தக் கம்பத்துப் பெட்டியின் வரைபடம் மட்டும் நம் கையில் இருந்திருந்தால், பஜாரில் ரேடியோ ரிப்பேர் செய்பவரே ஜூலையில் ஒயரை மாற்றிக் கொடுத்திருப்பார்.

ஃபெல்லோஷிப் முடிந்ததும் ஜூன் இரண்டாம் வாரம் இங்கே வந்துவிடு. நீ செய்வது எதுவானாலும் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வா. கம்பம் சும்மாதான் நிற்கிறது, போர்வையை வேறு இடத்தில் காயப்போட்டுக்கொள்ளலாம். மழையில் ஒரு மாதம் வைத்துப் பார்ப்போம். கெட்டுப்போனால் எங்கே கெட்டது என்று நான் நோட்டில் எழுதி வைக்கிறேன். அட்டைப்பூச்சிக்குப் போடும் சாக்ஸும் உப்பும் தயாராக இருக்கும்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அடுத்த திங்கள்தானே, கடிதம் அதற்குள் வந்துவிடும் என்று நினைக்கிறேன். வராவிட்டாலும் இதையெல்லாம் நான் போனில் பேசப் போவதில்லை, உனக்கே தெரியும்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டாள். யானை, புலி எல்லாம் இருக்கட்டும், காட்டுக்குள் பிள்ளைகள் தங்கும் அந்த ஸ்டேஷனில் பெண்களுக்குத் தனி பாத்ரூம் உண்டா, அதன் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டா என்று முதலில் கேட்டு எழுதச் சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா