தார்க்கோவ்ஸ்கி படங்களை மீண்டும் மீண்டும் வெளியிடுவோருக்கு

ரஷ்யத் திரைப்பட நிறுவனமான மாஸ்ஃபிலிமின் மறுசீரமைப்புக் குழுவினருக்கும், சோவியத் இயக்குநர் அந்த்ரேய் தார்க்கோவ்ஸ்கியின் படங்களை உரிமம் பெற்று டிவிடி, புளூரே, 4கே வட்டுகளாக வெளியிடும் நிறுவனத்தாருக்கும்,

வணக்கம்.

அவர் எடுத்த முழுநீளப் படங்கள் ஏழுதான். 1962-இல் வந்த 'இவானின் குழந்தைப்பருவம்' முதல் 1986-இல் வந்த 'தி சாக்ரிஃபைஸ்' வரை. இந்த ஏழையும் டிவிடி வந்தபோது வாங்கினோம்; புளூரே வந்தபோது வாங்கினோம்; அட்டையில் 'புதிய மறுசீரமைப்பு' என்று போட்டபோதும் விடவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஆசைப்பட்டுத்தான் வாங்கினோம். என் மனத்தாங்கல் செலவைப் பற்றியது அல்ல. ஒவ்வொரு முறையும் படத்தில் எதைத் தொட்டீர்கள், எதை விட்டீர்கள் என்பதை ஏன் வெளிப்படையாகச் சொல்வதில்லை?

'சோலாரிஸை' எடுத்துக்கொள்ளுங்கள். வண்ணக் காட்சிகளுக்கு நடுவே ஒற்றை நிறக் காட்சிகள் வந்து போகும் படம். 2002-இல் அமெரிக்க வட்டு நிறுவனமான கிரைட்டீரியன் வெளியிட்ட டிவிடியில் அவற்றுள் சில சாதாரணக் கறுப்பு வெள்ளையாக இருந்தன. 2011-இல் அதே நிறுவனத்தின் புளூரேயில் அவை நீலம் தோய்ந்து வந்தன. நீலம்தான் சரி; திருத்தியதற்கு நன்றி. ஆனால் நடுவிலிருந்த 9 ஆண்டுகளில் அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தவர்களுக்குக் கறுப்பு வெள்ளைதான் தார்க்கோவ்ஸ்கி. அதை வைத்துக் கட்டுரை எழுதியவர்களும் இருப்பார்கள். வண்ணத்துக்கும் வண்ணமின்மைக்கும் இடையே போய்வருவதையே ஒரு முறையாகக் கைக்கொண்ட இயக்குநர் விஷயத்தில் இதைச் சின்னத் தவறு என்று ஒதுக்க முடியவில்லை.

'ஸ்டால்க்கர்' கதை இன்னும் மோசம். எடுக்கும்போதே அடிபட்ட படம் அது. 1977-இல் எடுத்த வெளிப்புறக் காட்சிகளின் நெகட்டிவ் மாஸ்கோவில் கழுவும்போது பாழாகி, ஒளிப்பதிவாளர் மாறி, பெரும்பகுதியை மறுபடி எடுத்து, 1979-இல் முடித்தார்கள். அப்படித் தப்பிப் பிழைத்த படத்தை 2000-களின் தொடக்கத்தில் ருஸ்சிகோ நிறுவனம் டிவிடியாக்கியபோது, மோனோவில், அதாவது ஒரே தடத்தில், இருந்த ஒலியை அறையைச் சுற்றி வைக்கும் ஸ்பீக்கர்களுக்கான 5.1-ஆகப் பிரித்து விரித்தார்கள். பிரித்ததோடு விட்டிருந்தால் பொறுத்திருக்கலாம். மூலத்தில் இல்லாத ஓசைகளும் உள்ளே புகுந்தன. முதல் பதிப்பில் ஒப்பிட்டுக் கேட்கவாவது பழைய மோனோ தடம் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. ரசிகர்கள் கொதித்தெழுந்த பிறகுதான் அதைச் சேர்த்து மறுபதிப்புப் போட்டார்கள்.

'ஸ்டால்க்கரில்' மூவர் 'மண்டலம்' என்ற தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் நுழையும் அந்தத் தண்டவாள வண்டிப் பயணத்தை ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். மூன்று பேரின் தலைகள், பின்னால் நகரும் இடிபாடுகள், தண்டவாளத்தில் சக்கரம் தட்டும் சத்தம், அவ்வளவுதான். அந்தத் தட்டல் எந்த நொடியில் எதார்த்த ஓசையிலிருந்து நழுவி இசையமைப்பாளர் எதுவார்த் அர்தேமியெவின் மின்னணு ஒலியாக மாறுகிறது என்பதைச் சட்டென்று சுட்டிக்காட்ட முடியாது. காட்டிவிட முடியாதபடி செய்ததில்தான் அவர்கள் உழைப்பு இருக்கிறது. சினிமாவுக்கு இசையே தேவையில்லை என்று உள்ளூர நினைப்பதாகத் தன் புத்தகத்தில் எழுதிய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி. அவர் படத்தில் மௌனம் இருக்கிறது என்றால் யாரோ போட மறந்தது அல்ல. ஹோம் தியேட்டரின் பின்பக்க ஸ்பீக்கர்கள் சும்மா கிடக்கின்றனவே என்று அதை நிரப்ப வேண்டியதும் இல்லை.

இதே படத்தின் செப்பியா (பழுப்பு நிறச் சாயல்) காட்சிகளும் பதிப்புக்குப் பதிப்பு வேறு நிறத்தில்தான் இருக்கின்றன. ஒன்றில் வெளிறியிருக்கிறது, மற்றொன்றில் தங்கமாக மின்னுகிறது. எது சரி என்று யாரைக் கேட்பது? 'சோலாரிஸ்' வரை அவருக்கு ஒளிப்பதிவு செய்த வதீம் யூசோவ் 2013-இல் காலமானார். 'மிரருக்கு' ஒளிப்பதிவு செய்த ரெர்பெர்க் 1999-இல் போய்விட்டார். 'ஸ்டால்க்கரின்' ஒளிப்பதிவை முடித்த க்னியாழின்ஸ்கி அதற்கும் முன்னாலேயே. 'நாஸ்டால்ஜியா'வுக்கு மட்டும் அதிர்ஷ்டம் இருந்தது: 2022-இல் இத்தாலியின் தேசியத் திரைப்படக் காப்பகம் அதை மூல நெகட்டிவிலிருந்து 4கே-யில் புதுப்பித்தபோது, ஒளிப்பதிவாளர் ஜுசெப்பே லான்ச்சியே வண்ணத்தை மேற்பார்த்தார். மற்ற படங்களுக்கு இனி அந்தச் சாட்சி இல்லை. ஆகவே எழுத்துச் சாட்சியாவது வேண்டும்.

உ.வே.சா. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தபோது பாடபேதங்களை அடிக்குறிப்பில் போட்டார். தான் எடுத்துக்கொண்டதையும் விட்டதையும் வாசகன் பார்க்கட்டும் என்று. நான் கேட்பதும் அவ்வளவுதான். வட்டுடன் வரும் சிறு நூலில் கட்டுரைகள் நன்றாகவே இருக்கின்றன. கூடவே ஒரு பக்கம் சேருங்கள்: ஸ்கேன் செய்தது நெகட்டிவா, பிரிண்டா? வண்ணத்துக்கு எந்தப் பிரிண்டை முன்மாதிரியாக வைத்தீர்கள்? இறுதியாக ஒப்புதல் தந்தவர் யார்? கிரெய்னை, அதாவது படச்சுருளின் இயல்பான புள்ளித்தன்மையை, குறைத்தீர்களா, எவ்வளவு? ஒலியில் என்ன செய்தீர்கள்? 'மூலத்துக்கு நேர்மையாக' என்ற ஒற்றை வரி இதில் எதற்கும் பதில் ஆகாது.

நல்ல முன்மாதிரிக்கு வெகுதூரம் போக வேண்டாம். 'அந்த்ரேய் ரூப்ளேவ்' 1966-இல் முடிந்து, சோவியத் திரையரங்குகளுக்கு 1971-இல்தான் வந்தது. 205 நிமிட முதல் வடிவம், அவரே வெட்டித் தேர்ந்துகொண்ட 183 நிமிட வடிவம், இரண்டையும் 2018-இல் கிரைட்டீரியன் ஒரே வெளியீட்டில் கொடுத்தது. இது சுருக்கமா, சிதைப்பா என்று நாங்களே உட்கார்ந்து சண்டை போட்டுக்கொள்ளலாம்.

ஒரு சின்ன விஷயம், மாஸ்ஃபிலிமுக்கு மட்டும். எந்த நாட்டுப் பிளேயரில் எந்த வட்டு ஓடும் என்று பிரிக்கும் புளூரே வட்டாரக் குறியீட்டில் ரஷ்யாவும் இந்தியாவும் இலங்கையும் ஒரே 'சி' பிரிவு. அமெரிக்க வட்டு 'ஏ', பிரிட்டன் வட்டு 'பி'. அதாவது, சிறந்தவை என்று பேசப்படும் பதிப்புகள் பல எங்கள் பிளேயரில் ஓடாது. உங்கள் ஊர்க்காரர் வீட்டிலும் ஓடாது! யூடியூபில் அவர் படங்களை இலவசமாக வைத்திருக்கிறீர்கள், அந்தப் பெருந்தன்மையை மறக்கவில்லை. ஆனால் 'ஸ்டால்க்கரின்' இருட்டு அங்கே கட்டம் கட்டமாக உடைகிறது. பூட்டில்லாத ஒரு வட்டை நீங்களே வெளியிடலாமே.

5.1-ஐ நீக்கச் சொல்லவில்லை. விரும்புகிறவர்கள் கேட்கட்டும். வட்டைப் போட்டதும் முதலில் ஒலிப்பது மோனோவாக இருக்கட்டும். மற்றது மெனுவில் இரண்டாவதாக, 'புதிய ஒலிக்கலவை' என்ற பெயரோடு இருந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் அடுத்த வெளியீட்டையும் வாங்கப்போகும் ஒருவன்