இரண்டு பெஞ்சும் ஒரு சாவியும்: எங்கள் சபையின் சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கும், கமிட்டி அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை கேட்டிருக்கிறீர்கள். 'ஆவியின் கனி: சந்தோஷம்' என்பது தலைப்பு. போன வருஷமும் இந்த மலருக்காகத்தான் உட்கார்ந்தேன். மூன்று மாதமாகியும் ஒரு பக்கம் தேறவில்லை. வசனங்கள் வரிசையாக வந்தன. எனக்கென்று ஒரு சொல் வரவில்லை. அதற்காக அழுது ஜெபித்திருக்கிறேன்.

பதில் கிடைத்தது ஈரோடு கலெக்டர் ஆபீஸில். திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாள். அண்டை வீட்டுக்காரருக்குத் துணையாகப் போயிருந்தேன். கையில் பேனாவைப் பார்த்துவிட்டு ஓர் ஆத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முதியோர் உதவித்தொகைக்கு மனு வேண்டும். மாசம் 1,200 ரூபாய். வழக்கமான வாசகத்தைத்தான் எழுதினேன்: "எனக்கு யாருடைய ஆதரவும் இல்லை." வாசித்துக் காட்டியதும் ஆத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படி எழுதாதீங்க அம்மணி. பக்கத்தூட்டுப் புள்ள தெனம் ஒரு கிண்ணம் ரசஞ்சோறு கொண்டாந்து குடுக்குது. அது கேட்டா வெசனப்படுமுங்க."

அடித்துவிட்டு, "பெற்ற பிள்ளைகள் இல்லை" என்று எழுதினேன். கைநாட்டு வைக்க விரலை நீட்டினார். மஞ்சள் மண்டியில் காலமெல்லாம் கிழங்கு பொறுக்கிய விரல். ரேகைப் பள்ளம் முழுக்க மஞ்சள். அதன்மேல் ஊதா மை.

அன்றிரவு அந்தக் கிண்ணத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவள், மணி பன்னிரண்டு ஆனதைப் பார்க்கவில்லை. சந்தோஷம் என்ற சொல்லை எங்கும் எழுதவில்லை; எழுதும்போது அதில்தான் இருந்தேன். அன்றிலிருந்து திங்கள்தோறும் போகிறேன். நோட்டு நிரம்பிக்கொண்டே வருகிறது.

வேதாகமத்தில் அப்போஸ்தலன் பவுல் ரோமருக்கு எழுதின நிருபத்தில் 16:22-ஐ எடுத்துப் பாருங்கள். பவுல் சொல்லச் சொல்ல எழுதிய தெர்தியு, நடுவில் தன் பெயரைச் சொல்லி ஒரே ஒரு வாழ்த்து வைக்கிறான். அடுத்தவருக்காகப் பேனா பிடித்தவனின் குரல் அது. இத்தனை வருஷம் நான் தாண்டிப் போன வசனம். நம் தமிழிலும் மாயூரம் வேதநாயகம் பிள்ளை இருக்கிறார். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய அந்தக் கிறிஸ்தவர்தான் 1879-இல் தமிழின் முதல் நாவலை வெளியிட்டார். இரண்டும் ஒரே மனசிலிருந்து வந்தவை என்றே நம்புகிறேன்.

ஆகவே கேட்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் சபை மண்டபத்தில் இரண்டு பெஞ்சு போட்டுக் கொடுங்கள். மனு, வங்கிப் படிவம், வெளியூரிலிருக்கும் மகனுக்குக் கடுதாசி, எதுவானாலும் இலவசமாக எழுதித் தருவோம். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளை என்னோடு அனுப்புங்கள். எந்தச் சாமி கும்பிடுகிறவர் வந்தாலும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும். மதப் பிரசாரக் கைப்பிரதி நீட்டக் கூடாது. இதில் நான் கண்டிப்பாக இருப்பேன்.

இந்த வருஷ மலரில் பத்துப் பக்கம் அந்தப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். தலைப்புக் கொடுக்காதீர்கள். கேட்டதில் மனசில் தங்கியதை, சொன்னவரின் சம்மதத்தோடு, பெயரை விட்டுவிட்டு எழுதட்டும்.

மண்டபத்துச் சாவியை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்கிறேன். மை டப்பா என்னிடமே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் சபையின் சகோதரி ஒருத்தி,
ஈரோடு